சாக்கடைக்குக் கீழே ஒரு கப்ளிங்

முப்பது வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த ஜிஐ பைப்பைக் குறுக்கே அறுத்தால் உள்ளே ஓட்டை இருக்காது. ஓட்டை மாதிரி ஏதோ ஒன்று இருக்கும். எங்கள் வீட்டுப் பைப் ஒரு இஞ்ச். அறுத்த துண்டுக்குள் என் சுண்டுவிரல் போகவில்லை. சுரண்டினால் முதலில் வெள்ளையாக உதிர்ந்தது, போர் தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்பு. அதற்கடியில் காவி நிறத்தில் பொருக்குப் பொருக்காகத் துரு. விட்டம் பாதியானால் தண்ணீரும் பாதியாகும் என்றுதான் தோன்றும். கணக்கு அப்படி இல்லை. அதே தொட்டி, அதே உயரம், ஒரு இஞ்ச் குழாய் அரை இஞ்ச் ஆகிவிட்டால் வரும் தண்ணீர் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். உள்சுவர் சொரசொரவென்று இருந்தால் அதுவும் வராது. அம்மா இதற்கு "மோட்டாருக்கு வயசாயிருச்சு" என்று பெயர் வைத்து நான்கு வருடம் ஓட்டினார்.

பைப்பை மாற்றுவது என்று முடிவானது தண்ணீர் குறைந்ததால் இல்லை. விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகளுக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி, மோர், பத்தியம் எல்லாம் ஒரு பக்கம் நடக்க, ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு "வீட்டுத் தண்ணியைப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். இந்த வகைக் காமாலைக் கிருமி வயிற்றுக்குள் போய் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் கண்ணை மஞ்சளாக்கும். அதற்குள் பிள்ளை எத்தனை இடத்தில் குடித்திருக்கும், எத்தனை பானிபூரி தின்றிருக்கும். இங்கேதான் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் தோண்டினோம்.

எங்கள் வீடு புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில், ஓர் ஊராட்சியில் இருக்கிறது. மாவட்டத்தின் இந்த மேற்குப் பாதி பாறை. சித்தன்னவாசல் குன்று வெளியே தெரிகிற பாறை, மற்றதெல்லாம் செம்மண்ணும் சரளையும் மூடியிருக்கிற பாறை. போர் போட்டால் அதன் வெடிப்பில் தேங்கிய தண்ணீர் வரும், உப்பும் சுண்ணாம்புமாக. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிதண்ணீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது. எங்கள் போர் 'வேறு வழியே இல்லை' பிரிவைச் சேர்ந்தது. அதனால் குடிக்கவும் சமைக்கவும் தெருவில் வரும் காவிரித் தண்ணீர். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம்.

அந்தத் தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பைத்தான் தோண்டினோம். தோண்டியவர் குழாய்க்கார மாமா. அம்மாவை அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கு மாமா. அப்பா இருந்தபோது இந்த லைனைப் போட்டவரும் அவர்தான். தெருவின் நடுவிலிருந்து தோண்டிக்கொண்டே வந்து, வாசலை ஒட்டிய சாக்கடைக்கு நேர் கீழே மண்வெட்டியை நிறுத்தினார். இரண்டு பைப்பை இணைக்கும் கப்ளிங் அங்கே இருந்தது. மரை இருந்த இடத்தில் மரை இல்லை, துரு இருந்தது. சுற்றியிருந்த மண் கறுப்பாக, ஈரமாக.

இதில் பயப்பட வேண்டியது தண்ணீர் வெளியே கசிவதற்காக இல்லை. தண்ணீர் அழுத்தத்தோடு வரும்போது ஓட்டை வழியாக வெளியேதான் போகும். அது நஷ்டம், நோய் இல்லை. அழுத்தம் நிற்கும்போதுதான் சிக்கல். ஒரு மணி நேரம் முடிந்து வால்வை அடைத்ததும் பள்ளத்து வீடுகள் மிச்சத் தண்ணீரை இழுக்கும். குழாய்க்குள் வெற்றிடம் வரும். அது தன்னைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதை ஓட்டை வழியாக உள்ளே உறிஞ்சும். லைனில் நேராக மோட்டார் வைத்து இழுக்கும் வீடு தெருவில் ஒன்று இருந்தாலே போதும், இது தண்ணீர் வரும் நேரத்திலேயே நடக்கும். நாள் முழுக்கத் தண்ணீர் வரும் ஊரில் துருப்பிடித்த கப்ளிங் வெறும் கசிவு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் ஊரில் அது சாக்கடைக்கு நாம் வைத்த உறிஞ்சுகுழல்.

தண்ணீரில் என்ன கலந்தது என்ற கேள்வி எங்கள் ஒன்றியத்தில் சாதாரணமாகக் கேட்கப்படுவதும் இல்லை. இதே அன்னவாசல் ஒன்றியத்தின் வேங்கைவயலில் 2022 டிசம்பர் கடைசியில், பட்டியல் சாதி மக்களுக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டிக்குள் மனித மலம் கிடந்தது தெரிய வந்தது. பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போய், அதன் பிறகுதான் தொட்டியைப் பார்த்தார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே மக்களில் மூன்று பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததும், ஊர்க்காரர்கள் அதை ஏற்க மறுத்ததும் எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக் கப்ளிங்கை அதோடு சேர்த்துப் பேசுவது அபத்தம். இது துரு, அது மனிதர்கள் செய்தது. ஆனால் மாமா மண்ணைக் கையிலெடுத்து முகர்ந்து பார்த்தபோது அம்மா சொன்ன ஒரே வார்த்தை "வேங்கைவயல்".

சரி, என்ன பைப் போடுவது?

"பிவிசி போட்டுருவோம் பாப்பா. இப்ப எல்லாரும் அதான்."

"பிளாஸ்டிக்கா? அவரு இரும்பு போட்டாரு, முப்பது வருஷத்துக்கு மேல இருந்துச்சுல்ல தம்பி."

இருந்தது என்பது உண்மை. எப்படி இருந்தது என்பதைத்தான் அறுத்துப் பார்த்தோம். ஜிஐ என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும், அந்தப் பூச்சு இருக்கிறவரை அருமையான பைப். ஆனால் இணைக்க வேண்டுமென்றால் முனையில் மரை வெட்ட வேண்டும். மரை வெட்டும்போது பூச்சும் போய்விடும். ஆக, பைப்பிலேயே பலவீனமான இடம் அதன் இணைப்பு. அதன் மேல் சணலைச் சுற்றி ஒரு வெள்ளைப் பசையைத் தடவி முறுக்குவார்கள். அந்தக் காலத்துப் பசையில் காரீயம் இருக்கும்.

காரீயம் என்றதும் அம்மா சமையலறையைப் பார்த்தார். ரசத்துக்கு ஈயச்சொம்பு வைத்திருக்கிறார். அது வெள்ளீயம், வேறு உலோகம். (ஈயச்சொம்பு வாங்கும்போதும் சுத்த வெள்ளீயமா என்று விசாரித்து வாங்க வேண்டும் என்பது வேறு கதை.) குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது காரீயம். பேச்சில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் அம்மாவுக்கு ஈயம் என்றால் பாட்டி கைமணம்தான் ஞாபகம் வருகிறது. பிளம்பர் என்ற சொல்லே காரீயத்தின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. ரோமானியர்கள் அதில்தான் குழாய் செய்தார்கள்.

பிளாஸ்டிக் மேல் அம்மாவுக்கு இருக்கும் சந்தேகத்தையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது. பிவிசி உருகும் சூட்டில் சிதையாமல் இருக்க ஒரு நிலைப்படுத்தியைச் சேர்க்க வேண்டும். இந்தியாவில் நெடுங்காலம் அதற்குக் காரீயச் சேர்மங்களைத்தான் பயன்படுத்தினார்கள். அதைக் கட்டுப்படுத்தும் விதிகளை ஒன்றிய அரசு கொண்டுவந்தது 2021-இல்தான். கடையில் கேட்டால் எல்லாமே நல்ல பைப்தான். மேலே ஐஎஸ் 4985 என்று அச்சடித்திருக்கிறதா, அழுத்த வகுப்பு போட்டிருக்கிறதா என்று நாம்தான் உருட்டிப் பார்க்க வேண்டும். ஒரே நிறத்தில், ஒரே நீளத்தில், பாதி விலைக்கு, அச்சு எதுவும் இல்லாத பைப்பும் அதே அடுக்கில் இருக்கும்.

பைப்பையும் தண்ணீரையும் தனித்தனியாகப் பேசுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரத்தில் 2014 ஏப்ரலில் பைப்பை யாரும் மாற்றவில்லை, தண்ணீரைத்தான் மாற்றினார்கள். டெட்ராய்டிலிருந்து வந்த ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு ஆற்றுத் தண்ணீரைத் திருப்பினார்கள், அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. அதுவரை பைப்புக்குள் படிந்து காவல் காத்த படலம் கரைந்தது, காரீயம் குடிநீருக்கு வந்தது. எங்கள் வீட்டிலும் சின்ன அளவில் ஒன்று நடந்திருக்கிறது. போர் தண்ணீர் ஓடிப் பழகிய பைப்பில் காவிரித் தண்ணீர் இணைப்புக் கொடுத்தபோது முதல் சில வாரம் சிவப்பாக வந்தது. காவிரியே கலங்கி வருகிறது என்று தெருவே பேசிக்கொண்டது. எனக்கென்னவோ காவிரி எங்கள் பைப்பைக் கழுவிக்கொண்டிருந்தது என்றுதான் தோன்றுகிறது.

பைப்பைப் பற்றி எந்தப் பட்டியலைப் படித்தாலும் ஆயுள், விலை, வெப்பம் தாங்கும் அளவு என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். சிபிவிசி 93 டிகிரி தாங்கும், பிவிசி தாங்காது என்பார்கள். தெருவிலிருந்து வரும் பச்சைத் தண்ணீருக்கு 93 டிகிரி எதற்கு? எங்கள் கேள்விக்கு விடை அந்தக் கட்டங்களில் இல்லை. மாமா போகிறபோக்கில் சொன்னதில் இருந்தது.

"ஏன் மாமா கரெக்டா சாக்கடைக்கு அடியில ஜாயின்ட் வச்சீங்க?"

"நான் எங்க பாப்பா வச்சேன். பைப்பு இருபதடி. மெயின்லருந்து இருபதடி வந்தா அங்கதான் முடியும்."

பிவிசி பைப்பின் நீளமும் இருபது அடிதான். சிபிவிசி அதைவிடக் குறைந்த நீளத்தில்தான் வரும். இரும்பைத் தூக்கிவிட்டு, தரச்சான்று பெற்ற, காரீயம் இல்லாத, முதல்தர பிவிசியைப் போட்டாலும் இணைப்பு அதே சாக்கடைக்குக் கீழேதான் வந்து உட்காரும். பசை சரியாகப் பிடித்தால் நல்லது. ஈரத்தோடு ஒட்டினால், மாட்டுவண்டியோ டிராக்டரோ ஏறி மண் அமுங்கினால், ஐந்து வருடத்தில் மறுபடியும் மஞ்சள் கண்.

நான் எச்டிபிஇ கேட்டது அதனால்தான். கறுப்பில் நீலக்கோடு போட்டு, சுருள் சுருளாக வரும் பைப். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊர் ஊருக்குப் பதிக்கிறார்களே, அதே வகை, ஐஎஸ் 4984. மெயினிலிருந்து வீட்டுத் தொட்டி வரை ஒரே துண்டு, மண்ணுக்குள் ஓர் இணைப்பு கூடக் கிடையாது.

மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "அது வயக்காட்டு ஓஸ் பாப்பா. வீட்டுக்குப் போய் யாராச்சும்..." பைப்புக்கும் அந்தஸ்து உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரும்பு கௌரவமான வீடு, வெள்ளை பிவிசி புது வீடு, கறுப்பு ஓஸ் கடலைக் கொல்லை. அம்மாவும் முகத்தைச் சுளித்தார். கஜாவை ஞாபகப்படுத்தினேன். 2018 நவம்பர் 16 விடியலில் அடித்த புயலில் எதிர்வீட்டு வேம்பு வேரோடு சாய்ந்தபோது, வேரில் சிக்கியிருந்த அவர்கள் வீட்டு பிவிசி சட்டென்று ஒடிந்தது. கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் தெருவே கயிறும் வாளியுமாகக் கிணற்றுக்குப் போனது, கரண்ட் வந்த பிறகும் அந்த வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. வளைகிற பைப் அந்த மாதிரி ஒடியாது. அம்மா யோசித்தார். வேம்புக்காகச் சம்மதித்தாரா, நான் விடமாட்டேன் என்று சம்மதித்தாரா தெரியவில்லை. விலை வித்தியாசம் பெரிதில்லை. கீரமங்கலம் பக்கமாக இருந்திருந்தால் ஆடியில் ஒரு மொய் விருந்து வைத்துத் தெருவுக்கே பைப் போட்டிருப்பேன்.

அதற்கும் குறைகள் உண்டு. வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். இருபது மீட்டர் பைப் இருபது டிகிரி வித்தியாசத்துக்கு எட்டு சென்டிமீட்டர் வரை மாறும். அதனால் நேராக இழுத்துக் கட்டாமல் பாம்பு மாதிரி நெளித்து விட வேண்டும். டீசல், பெட்ரோல் ஊறிய மண்ணில் போட்டால் அந்த நெடி பைப் சுவருக்குள்ளேயே ஊடுருவித் தண்ணீருக்கு வந்துவிடும், இன்ஜின் கொட்டகைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. சரளைக் கல் குத்தாமல் கீழேயும் மேலேயும் மணல் வேண்டும். சுருளை வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு இளக்கினால்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். மண்ணுக்கு மேலே வந்ததும் சுவரேறுவதற்கு மாமா விருப்பப்படி பிவிசி, வெயில் படாமல் பெயின்ட் அடித்து. சாக்கடையைக் கடக்கும் இடத்தில் மட்டும் இருவரும் கொஞ்சம் சத்தம் போட்டுக்கொண்டோம். கடைசியில் சாக்கடைக்கு அடியில் போகவில்லை. வாசல் கல்லுக்குக் கீழே, சாக்கடைக்கு மேலே, ஒரு மூன்று இஞ்ச் உறைக்குழாய்க்குள் நுழைத்துக் கொண்டுவந்தோம்.

பிளீச்சிங் பவுடர் கரைசலை நிரப்பி ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் திறந்துவிட்டோம். குழாய்முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும் பரிசோதனைக் குப்பியில் மஞ்சள் தெரிந்தது. அக்கா மகளுக்கு அந்த மஞ்சளைக் காட்டியதும் ஓடிவிட்டாள்.

மாமா சாமான்களைக் கட்டிக்கொண்டே தெருவின் கோடிவரை பார்த்தார். "இந்த வரிசையில பதினோரு வீடு பாப்பா. எல்லாத்துக்கும் நாந்தான் போட்டேன். எல்லாம் இருபதடி."

நூறு மீட்டர் சுருளில் எங்களுக்குச் செலவானது நாற்பதுக்கும் கீழே. அன்று சாயங்காலமே மிச்சச் சுருளை உருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனார். அந்த வீட்டம்மா திண்ணையிலிருந்து எழுந்து வந்து, "என்ன தம்பி, வயக்காட்டு ஓஸைக் கொண்டாந்திருக்க?" என்று கேட்டது எங்கள் வாசல் வரை கேட்டது.