இவர் காதுக்கு இரண்டு கருவிகள்

"ஏங்க, பால் வாங்கணும்" என்று நான் சொல்ல, "கால் வலிச்சா தைலம் தேய்ச்சுக்கோ" என்று இவர் பதில் சொன்ன அன்று நானும் என் பெண்ணும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரகடம் சாலையில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் பதினெட்டு வருடமாக இவருக்கு வேலை. இரும்புத் தகட்டை அடித்துக் கார் பாகமாக வளைக்கிற இடம். காதடைப்பான் தந்திருந்தார்கள், வியர்க்கிறது, அரிக்கிறது என்று இவர்தான் கழற்றி வைத்துவிடுவார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்தது. என் பெண்ணும் எதுவானாலும் "அப்பாகிட்ட நீயே சொல்லிடும்மா" என்று ஒதுங்க ஆரம்பித்தாள்.

பரிசோதனையில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலால் கெட்ட காது முதலில் அங்கேதான் பழுதாகுமாம். உள்காதிலுள்ள மெல்லிய செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது, மருந்தும் கிடையாது என்றார் டாக்டரம்மா. ச, த, ப, க எல்லாம் மெலிந்து போவதால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. "கத்தாதே, கேக்குது" என்று இவர் எரிந்து விழுந்த காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

பழக்கிப் பார்க்க இரண்டு கருவிகள் கொடுத்தார்கள், வாரத்துக்கு ஒன்றாக. என் தாத்தா சட்டைப் பையில் டப்பாவும் காதில் ஒயருமாகத் திரிந்தவர். சட்டை உரசினாலும் அவருக்கு இடி இடிக்கும். இப்போதைய டிஜிட்டல் கருவி அப்படியில்லை. மெல்லிய ஒலியை நிறைய ஏற்றி, பெரிய ஒலியைக் கொஞ்சமாகத்தான் ஏற்றும்.

முதல் கருவி விலை குறைவு. கூடத்தில் எதிரெதிரே பேசினால் பிரமாதம். ஆனால் மின்விசிறி இரைச்சலும் பேச்சோடு சேர்ந்து வந்தது. தலையணையில் சாய்ந்தால் 'கீ' என்று விசிலடித்தது. இரண்டாவதில் இரண்டு மைக். எதிரே இருப்பவர் பேச்சை முன்னால் எடுத்து, பின்னாலிருந்து வருவதைத் தணிக்கும். விசிறி, மிக்ஸி மாதிரி ஒரே சீரான இரைச்சல் அடங்கியது. விசிலும் நின்றது. ஆனாலும் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் நடந்த கல்யாணத்தில் நாலு பேர் ஒன்றாகப் பேசியபோது தடுமாறித்தான் போனார். யார் பேச்சு வேண்டும், யார் பேச்சு வேண்டாம் என்று பிரிக்கக் கருவிக்குத் தெரியாதே! "பதினாறு சானல்" என்று கடையில் பெருமையாகச் சொன்னார்கள். நம் காதுக்கேற்ப அதைச் சரியாக அமைத்துத் தருவதுதான் முக்கியம் என்று ஆடியாலஜிஸ்ட் பெண் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது.

செல்போன் பேச்சு நேராகக் காதுக்கே வருவது இவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நான் பார்த்தது சார்ஜர் சங்கதி. முதலாவதில் 312 நம்பர் பொத்தான் பாட்டரி. பழுப்புத் தாளை உரித்தால் காற்றுப்பட்டு உயிர் பெறும்; ஒன்றிரண்டு நிமிடம் காற்றாட வைத்துத்தான் பொருத்த வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தப் பாட்டரியைக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். விழுங்கினால் தொண்டையைப் புண்ணாக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இரண்டாவதை இரவில் பெட்டியில் வைத்தால் போதும். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் சார்ஜ்.

விலை அதிகமானாலும் இரண்டாவதையே எடுத்தோம், இரண்டு காதுக்கும். சீட்டுப் பணம் அதற்கே போயிற்று. வியர்வை தாங்காது என்பதால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்ட டப்பாவில் வைக்கிறேன். பிரஸ் ஷாப்புக்குள் போகும்போது அதைக் கழற்றிவிட்டுக் காதடைப்பான் கட்டாயம் போட வேண்டும். கருவியை அணைத்துவிட்டால் அதுவே காதை அடைத்துக் காக்கும் என்று இவர் நினைத்திருந்தார். அது தப்பாம்.

முதல் பத்து நாள் பாத்திரச் சத்தமெல்லாம் காதைக் கிழிக்கிறது என்று புலம்பினார். பிறகு பழகிவிட்டது. போன ஞாயிறு என் பெண் காலேஜ் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நேரே அப்பாவிடம் போய் உட்கார்ந்தாள். அரைமணி நேரம் ஏதோ பேசினார்கள். மிக்ஸியில் தோசை மாவு அரைத்துக்கொண்டிருந்த எனக்குத்தான் ஒன்றும் காதில் விழவில்லை.