தானியங்கி

"லேடீஸ்தானே மேடம், ஆட்டோமேட்டிக் எடுத்துடுங்க, ஈஸியா இருக்கும்." கார் விற்கும் எந்தக் கடையிலும் இதைக் கேட்கலாம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலும், கல்லூரியில் ஆசிரியர் அறையிலும் இதற்கு வேறு வேறு வடிவங்கள் உண்டு. கிளட்சை மிதித்து கியர் மாற்றுகிறவன் ஓட்டுகிறான். மாற்றாதவள் உட்கார்ந்து போகிறாள். மூன்று வருடமாகக் கிளட்ச் இல்லாத காரில்தான் கோவை நெரிசலைக் கடந்து வேலைக்குப் போய்வருகிறேன். "இடது காலுக்கு என்ன வேலை கொடுக்கிறீங்க?" என்று கேட்டுச் சிரிக்கும் சக பேராசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தானியங்கி என்ற சொல்லும் அவர்கள் பக்கம் நிற்பதுபோலத்தான் தெரிகிறது. இயங்குதல் தன்வினை, இயக்குதல் பிறவினை என்று முதலாண்டு மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். தானே இயங்கினால் இயக்குகிறவளுக்கு என்ன வேலை? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அமெரிக்காவின் மிச்சிகனில் பொறியாளராக இருக்கும் அண்ணன் மகளிடமிருந்து.

அவள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய ஷெவர்லே வாங்கி, டர்போ பொருத்திய வி8 எஞ்சினை அதில் இறக்கினாள். இலக்கு 1000 குதிரைத்திறன். நாம் சாலையில் பார்க்கும் சிறிய கார்களுக்கு நூறுக்குள்தான் இருக்கும். கால் மைல் நேர்ப்பாதையில் ஓடும் டிராக் பந்தயத்துக்கு வார இறுதிகளில் போவதற்காக இந்தக் கார். "எந்த கியர்பாக்ஸ் போடறதுன்னு ஒரு மாசமா யோசிக்கிறேன் அத்தை. ஆட்டோமேட்டிக்னு முடிவு பண்ணிட்டேன்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று சொன்னதும் அவளும் சிரித்தாள். அங்கே அந்தப் பலத்தோடு பந்தயம் ஓடும் ஆண்களில் பலர் ஆட்டோமேட்டிக்தான் போடுகிறார்களாம்.

காரணங்களை அவள் விளக்கினாள். கையால் கியர் மாற்றும்போது ஒரு கணம் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுகிறது. டர்போவின் அழுத்தமும் அதில் இறங்கிவிடும். ஆட்டோமேட்டிக்கில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே அடுத்த கியர் விழும். கிளட்சின் இடத்தில் எண்ணெயால் விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. கார் கிளம்பும் நேரத்தில் திருகுவிசையை அது ஏறக்குறைய இரு மடங்காக்கும். முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒன்றாகப் பிடித்து வண்டியை நிற்கவைக்கும் டிரான்ஸ் பிரேக்கும் உண்டு. பொத்தானை விட்டால் வண்டி பாயும்.

ஆனால் கம்பெனியில் இருந்து வந்தபடி மாட்டினால் தாங்காது. பிரித்து, உள்ளே வரும் தண்டை உறுதியான எஃகில் மாற்றி, கிளட்ச் தகடுகளைக் கூட்டி, எண்ணெய் அழுத்தத்தை உயர்த்தி, சூட்டைத் தணிக்கப் பெரிய கூலர் வைத்து மறுபடி கட்ட வேண்டும். அப்படிக் கட்டியதைத்தான் அங்கே "பில்ட்" என்கிறார்கள். ஆட்டோமேட்டிக்கைக் கொல்வது பெரும்பாலும் சூடுதானாம்.

அவள் முன் மூன்று பெட்டிகள் இருந்தன. 1950இல் வந்த பவர்கிளைடுக்கு இரண்டே கியர்; எடை குறைவு, பந்தயப் பாதைக்கு மட்டும் போகும் இலகுவான காருக்குப் பொருந்தும். 1964இல் வந்த டர்போ 400க்கு மூன்று கியர், முரட்டு உழைப்பாளி. அதன் வழியில் 1991இல் வந்த 4எல்80இ, நான்காவதாக 0.75 விகிதத்தில் ஒரு கியர் தருகிறது. நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் போகலாம். ஆனால் அதை இயக்க மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும், செலவும் கூடும். அவள் காரை லாரியில் ஏற்றிப் போகிறவள் அல்ல. பந்தயத்துக்கு ஓட்டிப் போய், ஓட்டியே திரும்புகிறவள். அதனால் கடைசியானதைத் தேர்ந்தாள்.

கியர்பாக்ஸ் கட்டித் தரும் கடைக்காரர் தொலைபேசியில் முதலில் கேட்டது, "கார் உங்க வீட்டுக்காரருதா?" அவள் வண்டியின் எடை, பின்சக்கர விகிதம், டயர் அளவு, எஞ்சின் எந்தச் சுற்றில் டர்போ அழுத்தம் பிடிக்கிறது, கன்வெர்ட்டர் எந்தச் சுற்றில் கவ்வ வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். அதன்பின் அவர் வீட்டுக்காரரை விசாரிக்கவில்லை. "உள்ளதை உள்ளபடி சொல்லணும் அத்தை. குதிரைத்திறனைக் குறைச்சும் சொல்லக் கூடாது, பெருமைக்குக் கூட்டியும் சொல்லக் கூடாது" என்றாள்.

பெண்ணுக்கானது என்று சொல்லி ஒதுக்கியதை ஆண்கள் கையிலெடுத்ததும் பெயர் மாறுவது மோட்டார் வரலாற்றில் புதிதல்ல. பெட்ரோல் காரைக் கைப்பிடி சுழற்றிக் கிளப்பிய காலத்தில் மின்சாரக் கார்தான் பெண்களுக்கென்று விற்கப்பட்டது. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியதே டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்ற மின்சாரக் கார். 1912 கெடிலாக்கில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடி உதைத்து எலும்பு முறிவதிலிருந்து ஆண்களும் தப்பினார்கள். சாவி திருப்பிக் கிளப்புகிறவனை இன்று யாரும் கேலி செய்வதில்லை. அதே அமெரிக்காவில் ஷர்லி மல்டௌனி, டிராக் பந்தயத்தின் உச்சப் பிரிவான டாப் ஃபியூயலில் 1977, 1980, 1982 என மூன்று முறை சாம்பியன் ஆனார். கருவி எதுவானாலும் ஓட்டுகிறவளின் திறமையைச் சந்தேகிக்கிற பழக்கத்தை அவரும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

அண்ணன் மகள் சொன்னதில் ஒன்று வகுப்பறைக்குள்ளும் என்னோடு வருகிறது. எஞ்சினை மட்டும் பலமாக்கிவிட்டு, பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாதையைப் பழையபடி விட்டால், நடுவில் இருக்கும் மெலிந்த தண்டு முறியும். என் மாணவிகள் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். படிப்பு என்ற பலத்தை வீடு கொடுக்கிறது. ஆனால் யார் சமைப்பது, யார் சம்பளம் யார் கைக்குப் போவது, இரவு எத்தனை மணிக்குள் திரும்புவது என்ற ஏற்பாடுகள் பாட்டி காலத்து வார்ப்பிலேயே இருக்கின்றன. எங்கோ முறிகிறபோது, "இவ்வளவு படிக்க வைத்திருக்கக் கூடாது" என்று எஞ்சினைக் குற்றம் சொல்கிறார்கள். பெட்டியைப் பிரித்துக் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

இடது காலுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இப்போது டார்க் கன்வெர்ட்டரை விளக்குகிறேன். பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார்கள். மாணவிகள் போவதில்லை, "கட்டுறதுக்கு எவ்வளவு செலவாகும் மேம்?" என்று கேட்கிறார்கள்.