கரண்டி யார் கையில்?

பாகுர் ரயில் நிலையம் வருவதற்கு முன்னாலேயே கருங்கல் ஜல்லி தொடங்கிவிடுகிறது. தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் குவியல் குவியலாகக் கிடக்கிறது. ராஜ்மகால் மலைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி உறைந்து உண்டானவை. அந்தக் கல்லை உடைத்து ஊரெல்லாம் சாலை போடுகிறார்கள். மலை கொஞ்சம் கொஞ்சமாக லாரி ஏறிப் போவதை ரயில் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். பாகுரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பர்ஹர்வா. ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச் மாவட்டம். நாங்கள் இறங்க வேண்டிய இடம்.

காலையில் இறங்குவது, குளிப்பது, பத்து மணிக்கு மலைக்குக் கிளம்புவது என்று பாளையங்கோட்டையிலேயே அட்டவணை போட்டு, நகலெடுத்து, ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன். மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பள்ளிக்கூட டைம்டேபிள் வெகுகாலமாக என் பொறுப்பு. ஜனவரிப் பனிமூட்டத்தில் அந்தப் பக்கத்து ரயில்கள் ஓடும் லட்சணம் தெரிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். பர்ஹர்வாவில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. குழுவில் ஒரு பையன் என் அட்டவணையைச் சுருட்டி அதில் வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டிருந்தான்.

திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களுக்கு இப்படி ஊழியத்துக்குப் புறப்படுவது புதிதல்ல. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் சபைக் காணிக்கையைத் திரட்டி, நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். அதன் தொடக்கத்தில் நின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா வெள்ளாளன்விளைக்காரர்; பின்னாளில் தோர்ணக்கல்லின் பேராயர். அவர்களெல்லாம் வாழப் போனவர்கள். எங்களுடையது பள்ளி, ஆபீஸ் லீவுக்குள் அடங்கும் பணித்தளப் பயணம். இந்த வித்தியாசத்தை மறக்காமல் மேலே படியுங்கள்.

குழுத் தலைவன் என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவன். முதல் நாள் இரவே எல்லாருடைய கைப்பணத்தையும் வாங்கி ஒரு துணிப்பையில் போட்டுவிட்டான். இனிப் பொதுப்பணம். சோப்பு வேண்டுமானாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். “டீச்சர், நாளைக்குக் காலையில நீங்க வெங்காயம் உரிக்கிறீங்க” என்றான். பயல் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லத் திணறியது எனக்கு நினைவிருந்தது. சொல்லவில்லை. சந்தையில் குளிருக்கு ஒரு கம்பளி மஃப்ளர் வாங்க அவனிடம் போய் நின்றேன். “அவசியமா டீச்சர்?” என்று கேட்டான். சொந்தச் சம்பளத்தில் வாழ்கிற பெண்ணுக்கு அந்தக் கேள்வி எப்படி இறங்கும் என்பதை ஆண்கள் ஊகிக்க மாட்டார்கள்.

தங்கிய இடம் மிஷனரியின் வீடும் அதை ஒட்டிய கூடமும். பெண்களுக்குக் கூடம், ஆண்களுக்குத் தாழ்வாரம். பாய், கொசுவலை, ஆணியில் தொங்கும் பைகள். ஒரே கை பம்பு, ஒரே கழிப்பறை. தனியாக இருக்க இடமில்லை. நினைத்த நேரத்தில் தூங்க முடியாது. விளக்கை அணைப்பதும் பெரும்பான்மை முடிவு. பக்கத்துப் பாயில் படுத்திருந்த பெண் தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள். அவள் என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாமலேயே இருக்கட்டும்.

சமையல் முறைவைத்து நடந்தது. சிக்கல் எல்லாம் அங்கேதான். கடுகெண்ணெய் வாடைக்கு மூக்கு பழக இரண்டு வேளை போதும். ஆனால் கல்லூரிப் பையன்கள் முறை வரும் நாளில் சோறு குழைந்து கூழாகும். பருப்பில் பெருங்காயம் இருக்காது. புளி, ரசப்பொடி எல்லாம் என் பையில் பத்திரமாக இருக்கிறது. எழுந்து போய்க் கரண்டியை வாங்கினால் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். போனேன். “உக்காருங்க டீச்சர், இன்னிக்கு எங்க முறை” என்று ஒருவன் கரண்டியைக் கொடுக்காமல் பின்னால் வைத்துக்கொண்டான். உட்கார்ந்து அந்தக் கூழைச் சாப்பிட்டேன். அது நன்றாக இருந்தது என்று இங்கே எழுதினால் பொய்.

தினமும் விடிகாலை ஜெபத்தில், “இந்த நாளை உம் கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்” என்று எல்லாருமே சொல்லுவோம். அரைமணி நேரம் கழித்து, வெந்நீர் வாளி யாருக்கு முதலில் என்று முணுமுணுப்பு தொடங்கும். ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு: அவர் உடனே வந்து கரண்டியைப் பிடுங்குவதில்லை. ஒப்புக்கொடுத்ததாகச் சொல்லிவிட்டு, கரண்டியை நாமே பிடித்துக்கொண்டிருக்கலாம். கூட்டாக வாழும்போது அந்தச் சௌகரியம் போய்விடுகிறது. பக்கத்தில் இருப்பவன் வாங்கிக்கொள்கிறான். அவனுக்கு நம்மைவிடக் குறைவாகத் தெரியும், நம்மைவிட மோசமாகச் செய்வான். அவனிடம் விட்டுக்கொடுக்க முடியாதவர்கள் ஆண்டவரிடம் என்னத்தை விட்டுக்கொடுத்தோம் என்று சொல்ல முடியும்?

மலை ஏறிய நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் சமவெளியிலும் பள்ளத்தாக்கிலும் சந்தால் மக்கள்; மலை உச்சிகளில் பஹாடியா மக்கள். பஹாடியாக்களில் ஒரு பெரும் பிரிவினர் பேசும் மால்தோ, தமிழைப் போலத் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ட்ரோஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி 1884-இல் அதற்கு இலக்கணம் எழுதினார். சொந்தக்காரர் ஊருக்குப் போவதாக எங்கள் பையன்களுக்கு ஒரே உற்சாகம். மேலே போன பிறகு ஒரு வார்த்தை புரியவில்லை.

உள்ளூர் மிஷனரி அண்ணன் கிளம்புவதற்கு முன்பே விதிகளைச் சொல்லிவிட்டார். பாட்டு, ஜெபம் எல்லாம் ஏற்கெனவே விசுவாசிகளாக இருப்பவர்கள் வீட்டுக்குள் மட்டும், துண்டுப் பிரசுரம் கிடையாது, போட்டோ கிடையாது, குழந்தைகளுக்கு மிட்டாய் கூடக் கொடுக்கக் கூடாது. ஜார்க்கண்டில் 2017-இல் வந்த மதச் சுதந்திரச் சட்டப்படி மதமாற்றச் சடங்குக்கு மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். ஆசைகாட்டினார்கள் என்ற புகாரே ஜெயில்வரை கொண்டுபோகலாம். “நீங்க ரயில் ஏறிப் போயிடுவீங்க, நாங்க இங்கதான் இருக்கணும்” என்றார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த நாடகம் அதோடு போயிற்று. எனக்கு வருத்தமில்லை, அது ரொம்ப மோசமான நாடகம்.

இரண்டு மணி நேரம் ஏறினோம். ஊரில் கிழவர்களும் குழந்தைகளும்தான் இருந்தார்கள். மற்றவர்கள் விறகு சுமந்துகொண்டு வாரச் சந்தைக்கு இறங்கிப் போயிருந்தார்கள். நாங்கள் வருவதற்காக யாரும் சந்தையை விடவில்லை. எதற்கு விட வேண்டும்? கயிற்றுக் கட்டிலில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தோம். மத்தியானம் ஆயிற்று. அவித்த பயறு வந்தது. அவர்கள் பர்பட்டி என்கிறார்கள், நம் தட்டாம்பயறு மாதிரிதான். மலைச்சரிவில் புதரை வெட்டி எரித்து, சோளத்தோடு அதை விதைக்கிறார்கள். விளைச்சலில் பெரும்பங்கு, முன்பணம் கொடுத்த மகாஜன்களுக்குப் போய்விடும் என்று அண்ணன் சொன்னார். அவர்களுக்கு மிஞ்சியதில் ஒரு பங்கு எங்கள் இலையில் இருந்தது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் எங்களுக்கு இல்லை. சாயங்காலம் பெண்கள் திரும்பி வந்தார்கள். வந்த கையோடு மலைக்குக் கீழே ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்கள். பேசுவதற்கு வந்த நாங்கள் பேசவில்லை. ஒரு பெரியவர் பேசினார். யாருக்குக் காய்ச்சல், எந்தப் பள்ளத்தில் ஜல்லி மிஷின் புதிதாக வந்திருக்கிறது, மழை எப்போது நின்றது. அண்ணன் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லக் கேட்டோம். இருட்டில் இறங்கினோம்.

1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாட்டில் நம் அசரியா மேல்நாட்டு மிஷனரிகளிடம் கேட்டதும் ஏறக்குறைய இப்படிக் கூட உட்காருவதைத்தான். நீங்கள் செய்த தியாகமெல்லாம் சரி, எங்களோடு சிநேகிதராக இருங்கள் என்றார். சபையில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நூறு வருஷம் கழித்து அந்த வெள்ளைக்காரர் நாற்காலியில் நாம் உட்கார்ந்திருப்பது அந்தக் கயிற்றுக் கட்டிலில்தான் உறைத்தது.

எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தேன் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு ராத்திரி குழுவில் ஒரு பையனுக்குக் குளிர்காய்ச்சல். “ஜெபம் பண்ணிட்டுக் காலையில பார்க்கலாம், விசுவாசத்தோட இருப்போம்” என்றான் தலைவன். எங்களோடு வந்த நர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அது மலேரியா பிரதேசம். மண்சுவர் வெடிப்பில் வாழும் மணல் ஈ பரப்பும் காலா அசாரும் உள்ள மாவட்டம். அவள் பேசப் பேச, “தலைமைக்குக் கீழ்ப்படியணும் சிஸ்டர்” என்று இன்னொருவன் குறுக்கே வந்தான். அப்போது நான் டீச்சர் குரலை எடுத்தேன். ஊர் சஹியாவை, அதாவது அங்கத்து கிராமச் சுகாதாரப் பணிப்பெண்ணை, அண்ணன் போய்க் கூட்டிவந்தார். அவள் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பட்டையில் வைத்தாள். கால்மணி நேரத்தில் மலேரியா இல்லை என்று தெரிந்தது. இருந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் நர்ஸ் சொன்னதுதான் சரி. ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது வேறு, ஆண்டவர் பெயரைச் சொல்லும் இருபத்தெட்டு வயசுப் பையனுக்குத் தலையாட்டுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது இப்படிப்பட்ட குழுக்களுக்கே உரிய வியாதி. பெண்கள்தான் அதற்கு அதிகம் பலியாகிறார்கள்.

கூட்டு வாழ்க்கை என்றால் நம்மிடம் நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் டாக்டர்கள். ஒருவர் தமிழர், மற்றவர் வசதியான வீட்டு ஸ்காட்லாந்துக்காரர். தமிழர் பெரியண்ணன், வெள்ளைக்காரர் சின்னண்ணன். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் சின்னண்ணன் என்று கூப்பிடப்படச் சம்மதித்தார் என்பதற்கு முன்னால் என் மஃப்ளர் கதையெல்லாம் ஒன்றுமேயில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். நாங்கள் தங்கிய வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள். மிஷனரி அண்ணன் மனைவி, மார்த்தாண்டம் பக்கத்துப் பெண். நாங்கள் முறைபோட்டுச் சமைத்ததெல்லாம் அவள் அடுப்பில், அவள் பாத்திரத்தில். கரண்டி யார் கையில் என்று நாங்கள் சண்டை போட்டது அவளுடைய கரண்டிக்குத்தான். நாங்கள் வந்த நாளிலிருந்து அவள் பிள்ளைகள் இரண்டும் சமையலறை மூலையில் படுத்தன. “எந்த டீம் எப்ப வரும்னு எனக்கே தெரியாது டீச்சரம்மா. போன் வரும், ரெண்டு நாள்ல ஆளு வந்திரும்” என்றாள். குறை சொல்வது போலச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் எந்த ஊர் என்பதும் மேலிடம் சொன்னால்தான். உப்பு இருக்கும் டப்பாவை நாங்கள் தினமும் ஓர் இடத்தில் மாற்றி வைத்தோம்; தினமும் தேடி எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். விட்டுக்கொடுத்தலைப் பற்றி எங்கள் சாட்சிக் கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினோம். அவள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளைப் பேசக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

இந்த வருஷமும் சபைகளில் பணித்தளப் பயணத்துக்குப் பெயர் எடுப்பார்கள். போங்கள். கொசுவலை கொண்டுபோங்கள்; மலேரியாவுக்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள்; குழுவில் ஒரு நர்ஸ் இருந்தால் மருத்துவத்தில் அவர் சொல்வதே முடிவு என்று ஊரிலேயே எழுதி வையுங்கள். அட்டவணை போடும் வேலையைப் பணித்தளத்தில் இருப்பவர்களிடம் விடுங்கள். அதற்கெல்லாம் முன்னால், தேதி குறிக்கும்போது அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு போன் போட்டு, “இப்ப வந்தா உங்களுக்குச் சௌகரியமா இருக்குமாம்மா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுப் பயணப் பணத்தை அவருக்கே அனுப்பிவிடுங்கள்.