6,027 வாக்குகள்

வாக்கில்லாத ஒருவன் தேர்தலைப் பார்ப்பதுபோல வாக்குள்ளவன் பார்க்கமாட்டான். இது என் சொந்த அனுபவம்.

2002ம் ஆண்டு செப்ரெம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. ஜேர்மனியில் பாராளுமன்றத் தேர்தல். அப்போது எனக்கு ஒரு கிரேக்க உணவகத்தின் குசினியில் வேலை. மாலை ஆறு மணிக்கு வாக்குச்சாவடிகளை மூடியதும் தொலைக்காட்சியில் முதற்கணிப்பு வரும். குசினியில் சலாட் வெட்டி அடுப்பு மூட்டுகிற நேரமும் அதுதான். முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டு, பாரில் இருந்த சின்ன ரீவியைக் குசினிப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன்.

முதலாளி சிரித்தார். "உனக்கும் வாக்கில்லை, எனக்கும் வாக்கில்லை. நீ ஏன் கிடந்து அந்தரப்படுறாய்?"

அவர் கிரேக்கக் கடவுச்சீட்டோடு முப்பது வருடமாக அங்கே இருந்தவர். நகரசபைத் தேர்தலிலாவது அவர் வாக்குப் போடலாம். எனக்கு அதுவும் இல்லை. ஆனால் நான் அந்தரப்பட்டதற்குக் காரணம் என் காற்சட்டைப் பைக்குள் மடித்தபடி இருந்தது. டுல்டுங்.

ஜேர்மனியில் அகதியாக இருந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட ஒருவரை உடனே திருப்பி அனுப்ப முடியாவிட்டால் ஒரு கடதாசி கொடுப்பார்கள். அதன் நேர் அர்த்தம் 'பொறுத்துக்கொள்ளல்'. அது வதிவிட உரிமை அல்ல. உன்னை நாடுகடத்துவதை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறோம் என்பதற்கான அத்தாட்சி மட்டும்தான். அந்தக் காலத்தில் மாநில எல்லையைத் தாண்டக்கூடாது என்றும் இருந்தது. 1996ல் வந்தவன் நான். 1999ல் வழக்குத் தோற்றபிறகு மூன்று மூன்று மாதமாகவே என் வாழ்க்கையை நீட்டித் தந்துகொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் பெப்ரவரி 22ல் ஊரில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஜேர்மன் தேர்தலுக்கு ஆறு நாள் முந்தி, செப்ரெம்பர் 16ல், தாய்லாந்தின் சத்தஹிப்பில் முதற்சுற்றுப் பேச்சுவார்த்தை தொடங்கியது. எல்லோருக்கும் சந்தோசம். எனக்கும்தான். ஆனால் விசா நீட்டப் போன இடத்தில் அலுவலர், "உங்கட நாட்டிலதான் இப்ப சமாதானமாச்சே" என்று சொல்லியபடி முத்திரையைக் குத்தியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஊரில் சமாதானம் வருகிறதென்று பயப்படுகிறவனாக ஆகிவிட்டேனே என்ற வெட்கம் வேறு.

என்னோடு அறையில் இருந்த அண்ணைக்கு இந்தக் குழப்பம் ஒன்றும் இல்லை. அவர் சத்தஹிப் செய்தியைத் தவிர வேறொன்றும் பார்க்கமாட்டார். "ஷ்ரோடர் வந்தாலென்ன, ஸ்ரொய்பர் வந்தாலென்ன, எங்களுக்கு எல்லாம் ஒண்டுதான் தம்பி."

எனக்கு ஒன்றாகப் படவில்லை. புதிய குடிவரவுச் சட்டமொன்றை ஷ்ரோடரின் அரசாங்கம் கொண்டுவந்திருந்தது. எங்களைப்போல வருடக்கணக்காக டுல்டுங்கில் தொங்குகிறவர்களின் நிலைக்கு முடிவு கட்டுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. மார்ச் 22ல் மாநிலங்கள் அவையில் அது வாக்கெடுப்புக்கு வந்தபோது பெரிய கூத்து. பிராண்டன்பேர்க் மாநிலத்தின் ஒரு அமைச்சர் ஆம் என்றார், இன்னொருவர் இல்லை என்றார். ஒரு மாநிலம் ஒரே வாக்காகத்தான் போடலாம் என்பது விதி. அவைத் தலைவர் அதை ஆம் என்று கணக்கெடுக்க, எதிர்ப்பக்கம் கொதித்து எழுந்தது. விடயம் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போயிற்று. எதிர்ப்பக்கம் என்றால் யூனியன். அவர்களுடைய வேட்பாளர்தான் பவேரியாவின் முதலமைச்சர் எட்மண்ட் ஸ்ரொய்பர். நாற்பது இலட்சம் பேர் வேலையில்லாமல் இருக்கிற நாட்டுக்கு மேலும் ஆட்கள் எதற்கு என்பது அவர்களின் வாதம்.

கோடை தொடங்கியபோது ஸ்ரொய்பர்தான் முன்னுக்கு நின்றார். வேலையற்றோர் தொகையை 35 இலட்சமாகக் குறைப்பேன் என்று சொல்லிப் பதவிக்கு வந்த ஷ்ரோடரால் அதைச் செய்ய முடியவில்லை. ஓகஸ்ட் மாதம் எல்ப ஆறு பெருக்கெடுத்தது. டிரெஸ்டனில் நீர்மட்டம் 9.40 மீற்றர்வரை ஏறியது. ஷ்ரோடர் றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிரிம்மா என்ற ஊரின் சேற்றுக்குள் இறங்கினார். ஈராக் யுத்தத்துக்கு வரமாட்டோம் என்று அமெரிக்காவுக்குச் சொன்னார். இரண்டும் சேர்ந்து காற்றைத் திருப்பின. ஜேர்மன் தேர்தல் வரலாற்றில் முதற்தடவையாக இரண்டு பிரதம வேட்பாளர்களும் ரீவியில் நேருக்கு நேர் விவாதித்ததும் அந்தக் கோடையில்தான். ஓகஸ்ட் 25, செப்ரெம்பர் 8. இரண்டையும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நான் டொச் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்தத் தேர்தலில்தான் என்று இப்போதும் சொல்வேன்.

உணவகத்தில் பரிமாறும் வேலை செய்த ஜேர்மன் பெண் ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அலுவலகக் கடிதம் எது வந்தாலும் நான் அவரிடம்தான் கொண்டுபோவேன். கண்ணாடியை மாட்டி ஒவ்வொரு வரியாக வாசித்து விளங்கப்படுத்துவார். ஒரு நாளும் சினந்ததில்லை.

அன்று ஆறு மணிக்கு வந்த கணிப்பில் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு நின்றன. ஏழு மணிக்கு முன்பே ஸ்ரொய்பர் மேடையேறி, தேர்தலில் தாங்கள் வென்றுவிட்டதாக அறிவித்தார். நான் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டேன். அந்த நேரம் கோட்டைக் கழற்றியபடி அந்த அம்மா வேலைக்கு வந்தார்.

"வாக்குப் போட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை. அம்மாவைப் பார்க்கப் போயிட்டன். ஆர் வந்தாலும் என்ர வீட்டு வாடகை குறையப்போறதில்லை. எல்லாரும் ஒண்டுதான்."

எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. ஆறு வருடமாக எவரோடும் குரலை உயர்த்தாதவன் அன்று அரைகுறை டொச்சில் கத்தினேன். "உங்களிட்டை ரெண்டு வாக்கு இருக்கு! என்னட்டை ஒண்டும் இல்லை! என்ர கடதாசியை வாசிச்ச உங்களுக்கே இது ஒண்டா?" ஜேர்மனியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலாளி வந்து ரீவியை நிறுத்தினார்.

இரவு வேலை முடிந்து போகும்போது நிலைமை மாறத் தொடங்கியிருந்தது. விடியும்போது ஷ்ரோடர் வென்றிருந்தார். இறுதிக் கணக்கு வந்தபோது இரண்டு பக்கத்துக்கும் 38.5 வீதம். ஷ்ரோடரின் கட்சிக்கு 18,488,668 வாக்குகள். யூனியனுக்கு 18,482,641. வித்தியாசம் 6,027. ஒரு கிழமையில் நான் கழுவுகிற கோப்பைகளும் கிளாசுகளும் ஏறக்குறைய அவ்வளவு வரும்.

நேர்மையாகச் சொல்வதென்றால் ஆட்சியைத் தீர்மானித்தது அந்த 6,027 மட்டுமல்ல. பசுமைக் கட்சி எடுத்த 8.6 வீதம் கூட்டணியைத் தூக்கி நிறுத்தியது. நான் பார்த்துக்கொண்டிருந்த சட்டத்துக்கும் நல்ல முடிவு வரவில்லை. அந்த வருடம் டிசம்பர் 18ல் அரசியலமைப்பு நீதிமன்றம், அன்றைய வாக்கெடுப்புச் செல்லாது என்று சட்டத்தை இரத்துச் செய்தது. பிறகு யூனியனோடு பேரம்பேசி, 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் டுல்டுங் அப்படியே இருந்தது. எனக்கு விடிவு வந்தது 2006 நவம்பரில். நீண்டகாலமாக இருப்பவர்களுக்கு, வேலை இருந்தால், வதிவிட அனுமதி கொடுக்கலாம் என்று எல்லா மாநிலங்களின் உள்துறை அமைச்சர்களும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். அதில் இரண்டு பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். வாக்கு என்பது பொத்தானை அமத்தினால் விளக்கு எரிகிற சங்கதி இல்லை என்று விளங்கிக்கொண்டேன்.

இவ்வளவும் சொன்னது அந்த அம்மாவைக் குறைசொல்ல இல்லை. என்னைப்பற்றிச் சொல்லத்தான்.

2005 நவம்பர் 17. இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல். மகிந்த ராஜபக்சவும் ரணில் விக்கிரமசிங்கவும். தமிழ்மக்களுக்கு இந்தத் தேர்தலில் அக்கறையில்லை என்று புலிகளும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அறிவித்திருந்தார்கள். அன்றிரவு அம்மாவுக்கு யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"வாக்குப் போடப் போனனீங்களோ அம்மா?"

"ஆர் போறது மோனை? றோட்டே வெறிச்சோடிக் கிடக்கு. போறவைக்கு உயிரில ஆசையில்லையோ?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது சரிதானேயம்மா. ஆர் வந்தாலும் எங்களுக்கு ஒண்டுதானே."

அதைச் சொன்னபோது எனக்கு ஒரு உறுத்தலும் வரவில்லை. முடிவு வந்தபோதுதான் வந்தது. மகிந்தவுக்கு 4,887,152. ரணிலுக்கு 4,706,366. வித்தியாசம் 180,786. யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவுசெய்த ஏழு இலட்சம் பேரில் வாக்களித்தவர்கள் 1.21 வீதம். கிளிநொச்சியில் விழுந்தது ஒரேயொரு வாக்கு.

ரணில் வந்திருந்தால் யுத்தம் வந்திராது என்று நான் சொல்லவரவில்லை. அவர்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்த 180,786 என்ற எண் எத்தனையோ இரவு என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. அம்மா போகாததற்குப் பயம் காரணம். அதைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. நான் யாருக்குப் பயந்தேன்? சூடான அறைக்குள் இருந்துகொண்டு, மூன்று வருடத்துக்கு முந்தி எந்தச் சொல்லுக்காக ஒரு மனிசியில் பாய்ந்தேனோ, அதே சொல்லை எடுத்து அம்மாவுக்குச் சொன்னேன். அந்த மனிசி போகாமல் விட்டது தன்னுடைய வாக்கு. நான் வேண்டாமென்றது மற்றவர்களுடையதை.

அண்ணையிடம் இதைச் சொன்னபோது, "பழசைக் கிண்டாதை தம்பி" என்றார். கிண்டத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

2015 ஜனவரி 8ந் தேதி அம்மா வாக்குப் போட்டார். விடியவே வரிசையில் நின்றாராம். விரலில் பூசிய மை ஒரு கிழமைக்குப் போகவில்லை என்று சந்தோசமாகச் சொன்னார்.

எனக்கு ஜேர்மன் குடியுரிமை கிடைத்தபிறகு வந்த முதற் பாராளுமன்றத் தேர்தல் 2017 செப்ரெம்பர் 24. அன்று காலை அந்த அம்மாவிடமிருந்து தொலைபேசி. பென்சன் எடுத்து வீட்டில் இருக்கிறார். "இப்ப உன்னட்டையும் ரெண்டு வாக்கு இருக்கு. போடாட்டி இந்த முறை நான் கத்துவன்" என்றார். பதினைந்து வருடமாக மறக்கவில்லை.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. இரண்டு புள்ளடி போட்டு, மடித்து, பெட்டிக்குள் போட்டேன். இரண்டு நிமிடம்கூடச் செல்லவில்லை. வெளியே வந்து அம்மாவுக்கு வீடியோவில் எடுத்தேன்.

"எங்கை, விரலைக் காட்டு."

"இங்கை மை பூசுறேல்லையம்மா."

"அப்ப நீ போட்டனி எண்டு நான் எப்பிடி நம்புறது?" என்று கேட்டார் அம்மா.