கோபம் ஒரு நிமிடம்

மார்ச் 12, 2020, வியாழன்

காட்டுப்பாதையில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. உடலில் கறுத்த இறகு வைத்த அம்புகள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் தொடக்கப் பெட்டியில் வரும் கதை இப்படித்தான் ஆரம்பிக்கும். புதருக்குள் கொப்ளின்கள் பதுங்கியிருப்பது எனக்குத் தெரியும். மேசையைச் சுற்றியிருக்கிற ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கிட்டப் போய்ப் பார்ப்பதா, சுற்றிப் போவதா என்று அவர்கள் பிடுங்குப்பட்டுக்கொண்டிருந்தபோது எல்லாக் கைபேசிகளும் ஒன்றாக அதிர்ந்தன. மார்ச் விடுமுறை முடிந்த பிறகும் ஒன்ராறியோவில் இரண்டு வாரம் பாடசாலை இல்லை.

பார்பேரியன் பாத்திரம் ஆடுகிறவன் கதிரையில் ஏறி நின்று கத்தினான். குதிரைகளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தாயக்கட்டைப் பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். 'அடுத்த ஆட்டம் ஏப்ரல் 9' என்று வெண்பலகையில் யாரோ எழுதிவிட்டுப் போனார்கள்.

மார்ச் 17

மாகாணத்தில் அவசரகால நிலை. அரிசி வாங்கினேன், ஒரு ஊருக்குக் காணும்.

மார்ச் 26, வியாழன்

ஏப்ரல் வரை பொறுக்க முடியாது என்று பிள்ளைகள் நச்சரித்ததால் இன்று திரையில் கூடினோம். தாயக்கட்டைகள் பாடசாலையில் பூட்டிக் கிடக்கின்றன. கணினியே உருட்டித் தரும், ஆனால் அது தங்களுக்கு எதிராக உருட்டுகிறது என்பது பிள்ளைகளின் முடிந்த முடிபு. கணித ஆசிரியை நான் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. ரோக் பாத்திரம் ஆடுகிறவன் ஒன்றிலிருந்து இருபது வரை கடதாசித் துண்டுகளில் எழுதி, ஒரு நெஸ்டமோல்ட் டின்னுக்குள் போட்டுக் குலுக்கி எடுத்தான். 1979இல் தாயக்கட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது கம்பனியே எண் அச்சடித்த அட்டைத் துண்டுகளைப் பெட்டிக்குள் வைத்து விற்றது என்று சொன்னேன். ஒருவரும் வியக்கவில்லை. 1979 என்றால் அவர்களுக்குச் சோழர் காலம்.

ஆட்டம் நடந்தது, ஆனால் ஏதோ குறைந்தது. இரவு பாத்திரம் கழுவும்போதுதான் பிடிபட்டது. திரையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கதைக்கலாம். மேசையில் நான் குகையை வர்ணிக்கும்போது இந்தப் பக்கம் இருவர் சிப்ஸுக்குச் சண்டை பிடிப்பார்கள், அந்தப் பக்கம் ஒருத்தி அடுத்தவளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுப்பாள். "வாயை மூடுங்கோ" என்று ஒவ்வொரு வியாழனும் கத்தியிருக்கிறேன். இன்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நான் சொல்வதைக் கேட்டார்கள். சகிக்க முடியவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

ஒரு மாற்றம். மேசையில் வாயே திறக்காத ரோக், அரட்டைப் பெட்டியில் எழுதித் தள்ளுகிறான். கொப்ளினோடு பேரம் பேசி, அதற்குச் சம்பளமும் பேசி, தங்கள் பக்கம் இழுத்துவிட்டான். பார்பேரியனோ குசுகுசுக்கிறான். கதவு உடைய வேண்டிய இடத்தில், ஒலிவாங்கிக்குக் கிட்ட வாயை வைத்து, "எனக்குக் கோபம் வருகிறது" என்று மெதுவாகச் சொன்னான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அம்மா நித்திரை" என்றான்.

விதிப்படி அவனுடைய பாத்திரத்தின் கோபம் ஒரு நிமிடம் தாங்கும், ஆட்டக் கணக்கில் பத்துச் சுற்று. நடுவில் யாரையும் அடிக்காமலும் யாரிடமும் அடி வாங்காமலும் தன் முறை போய்விட்டால் அப்போதே தணிந்துவிடும். ஆரம்ப நிலையில் இரண்டு கோபம்தான். பிறகு நெடுநேரம் ஓய்வெடுத்தால்தான் அடுத்தது.

ஏப்ரல் 4, சனி

பார்பேரியனின் அம்மா அழைத்தார்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. இவன் அறைக்குள்ள இருந்து கோடாலி, ரத்தம், தலை எண்டு குசுகுசுக்கிறான். எனக்கு நெஞ்சு பதறுது."

அவர் காலையில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, இரவில் இன்னொன்றில். இரண்டுக்கும் நடுவே பின்னேரம்தான் நித்திரை. அம்மா எழும்பிவிடக் கூடாதென்று பொடியன் குசுகுசுக்க, அந்தக் குசுகுசுப்பே அவரை எழுப்பியிருக்கிறது. கத்தியிருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

1980களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டைப் பிசாசு வழிபாடு என்று நம்பிய பெற்றோர் அதற்கெதிராக இயக்கமே நடத்தினார்கள். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கைவசம் வைத்திருக்கிறேன். அவர் கேட்டது வேறு.

"தாயம் மாதிரியோ?"

"கட்டை உருட்டுவினம், ஆனால் கதை சொல்லுறதுதான் கூட. அவை அவை ஒரு ஆளாய் நடிச்சு, என்ன செய்யலாமெண்டு சொல்லுவினம்."

"ஆர் வெல்லுறது?"

"ஒருத்தரும் வெல்லுறேல்லை அக்கா. பிள்ளையள் எல்லாரும் ஒரு பக்கம்."

"அப்ப எதிர்ப்பக்கம்?"

"அது நான்தான். பேய், கொப்ளின், கதவு, மழை எல்லாம் நான்."

"நீங்கள் தோக்கிறீங்களோ?"

"அநேகமாய்."

சிரித்தார். பிறகு, முகக்கவசத்தை வேலையிடத்தில் எண்ணித்தான் தருகிறார்கள் என்றார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வேலைக்கு நேரமாகிறதென்று அவர்தான் அழைப்பை முடித்தார்.

ஏப்ரல் 15

முதியோர் இல்லப் பணியாளர்கள் இனி ஒரே இடத்தில்தான் வேலை செய்யலாமாம். 22ஆம் தேதியிலிருந்து நடைமுறை. தொற்று ஒரு இல்லத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகாமலிருக்க. நியாயமான ஆணை. வாடகையும் ஒரே இடத்தில்தான் கட்ட வேண்டும் என்று ஆணையில் இருக்கிறதா, தெரியவில்லை.

ஏப்ரல் 16

ஆட்டம் இல்லை. எனக்கு மனமில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

பார்பேரியன் கத்தினான்! என் மடிக்கணினியின் ஒலிபெருக்கி கரகரத்தது. கதவு உடைந்தது, கதவுக்குப் பின்னால் நின்ற ஓநாய் உடைந்தது, அடிக்கத் தேவையில்லாத ஒரு பீப்பாயும் உடைந்தது. கூலிக்கு வந்த கொப்ளின் பயந்து வேலையை விட்டுவிட்டது. ரோக் அதைச் சமாதானப்படுத்த அரை மணித்தியாலம் எடுத்தான். பின்னணியில் ஒரு பெண்குரல், "அடியடா, பாத்துக்கொண்டு நிக்கிறாய்!" மார்ச்சுக்குப் பிறகு இப்படி ஒரு வியாழன் இல்லை. முடிந்த பிறகும் பிள்ளைகள் போகவில்லை. நானும் அழைப்பை மூடவில்லை.

"இண்டைக்கு என்ன, நல்ல சத்தம்?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்குக் காலை வேலை இல்லை, மிஸ். இப்ப பின்னேரத்திலை முழிச்சிருக்கிறா."

மே 19

இந்தக் கல்வியாண்டில் இனிப் பாடசாலை திறக்காது. வெண்பலகையில் அந்தத் தேதி அப்படியே இருக்கும்.

மே 26

முதியோர் இல்லங்களுக்கு உதவிக்குப் போன இராணுவத்தின் அறிக்கை வெளிவந்திருக்கிறது. ஐந்து இல்லங்கள். பெயர்களை வாசித்தேன். பார்பேரியனின் அம்மா எங்கே வேலை செய்கிறார் என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்பது எப்படி?

மே 28, வியாழன்

பார்பேரியன் வந்தான். கமரா இல்லை, ஒலியும் இல்லை. ரோக் வழக்கம்போல எழுத, இவனும் எழுதினான். இரண்டு பேரும் எழுத, மந்திரவாதியும் மதகுருவும் மட்டும் கதைக்க, ஒரு தொங்குபாலத்துக்கு வந்து சேர்ந்தோம். பாலத்தில் ஆபத்து ஒன்றும் இல்லை. கடந்தால் சரி.

அவனுடைய முறை வந்தது. 'கோபப்படுகிறேன்' என்று எழுதினான்.

"அடிக்க ஒருத்தரும் இல்லையே, அது உடனே போயிடும்" என்றாள் மதகுரு. "கிடக்கிறதே ரெண்டு. வீணாக்காதை."

'தெரியும்' என்று எழுதினான்.

பாலத்தின் நடுவில் ஒரு கொப்ளினைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அவன் டின்னும் கடதாசியும் வைத்திருக்கிறானோ, கணினியில்தான் உருட்டினானோ, எண்களை எழுதிக்கொண்டேயிருந்தான். பதினேழு, பட்டது. பன்னிரண்டு, படவில்லை. பத்தொன்பது, பட்டது. மற்றவர்கள் தங்கள் முறையை அவனுக்கு விட்டுக்கொடுக்கத் தொடங்கினார்கள். ஒருவரும் ஒருவரையும் கேட்டுக்கொள்ளவில்லை. கொப்ளின் நாற்பது புள்ளிக்கு மேல் வாங்கியும் விழவில்லை.

"மிஸ், கொப்ளினுக்கு ஏழு புள்ளிதானே உயிர்?" என்றாள் மந்திரவாதி. புத்தகத்தை வாங்கி வாசித்திருக்கிறாள், கள்ளி.

"இது வேறை கொப்ளின்" என்றேன்.