சிரிப்பார்கள் என்று பயந்தோம்



இதை எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் பல நாள் பேசினோம். "எழுதுங்க, பேரு மட்டும் வேண்டாம்" என்று அண்ணனே சொன்ன பிறகுதான் எழுதுகிறோம்.

எங்களுக்கு அரசியல் கற்றுக்கொடுத்தவர் அண்ணன். வன்கொடுமைப் புகாரை வாங்க மறுத்த காவல் நிலையத்தில் விடியும்வரை உட்கார்ந்து வழக்குப் பதிய வைத்தவர். மாலையானால் குடிப்பார். பிறகு மதியமே குடிக்கத் தொடங்கினார். கூட்டத்துக்கு வராத நாட்களில் "உடம்பு சரியில்லை" என்று நாங்களே பொய் சொன்னோம். ஒருநாள் சாட்சிகளை அவர்தான் நீதிமன்றத்துக்கு அழைத்து வர வேண்டும். அன்று அவர் எழுந்திருக்கவே இல்லை. பாதிக்கப்பட்ட குடும்பம் நீதிமன்ற வாசலில் தனியாக நின்றது. அந்தக் காட்சியில் எங்கள் பொய்க்கும் பங்கு உண்டு.

ஏன் மறைத்தோம்? "சேரிக்காரன் குடிகாரன்" என்பது ஆதிக்கச் சாதிகள் நம்மீது எறியும் பழைய கல். அந்தக் கல்லை நாமே எடுத்துக் கொடுப்பதா என்று பயந்தோம். குடி எல்லாச் சாதியிலும் இருக்கிறது. கிளப்பில் குடித்தால் நாகரிகம், டாஸ்மாக் வாசலில் குடித்தால் ஒழுக்கக்கேடு. 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையாக விற்பது அரசின் டாஸ்மாக்தான். மலக்குழிக்குள் இறங்குகிறவர் நாற்றம் தாங்காமல் குடிக்கிறார். அவரை இறக்கியவரை யாரும் கேட்பதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இதையெல்லாம் மேடையில் பேசினோம், சுவரொட்டி ஒட்டினோம். பக்கத்தில் நின்ற அண்ணனின் கை நடுங்கியதை மட்டும் பார்க்காதது போல இருந்தோம்.

நீதிமன்றச் சம்பவத்துக்குப் பிறகு, அவமானத்தில் அவர் ஒரேயடியாகக் குடியை நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோம். அங்கே ஊழியர் ஒருவர், "உங்க ஆளுங்களுக்கு இது பழக்கம்தானே" என்றார். அண்ணன் மறுநாளே கிளம்பி வந்துவிட்டார். போகாதே என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., கூட்டங்களைத் தேடினோம். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து தொடங்கியது. கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும். குடிநோயாளிகள் மட்டும் உட்காரும் மூடிய கூட்டம் உண்டு, குடும்பமும் நண்பர்களும் வரக்கூடிய திறந்த கூட்டமும் உண்டு. திறந்த கூட்டம் எது என்று விசாரித்துக்கொண்டு அண்ணனோடு போனோம்.

ஒரு பள்ளி வகுப்பறை. பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். லாரி ஓட்டுநர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கல்லூரி மாணவர். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார்கள். ஊர் எது, தெரு எது, அப்பா பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. சாதியைக் கண்டுபிடிக்கும் அந்தக் கேள்விகள் வராத ஓர் அறையில் உட்கார்ந்திருப்பது எங்களுக்கே புதிதாக இருந்தது.

எங்களுக்குச் சண்டையும் இருந்தது. குடியின் முன் நாங்கள் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்வதுதான் பன்னிரண்டு படிகளில் முதல் படி. அதிகாரம் கேட்டுப் போராடுகிற நாம் அதை எப்படிச் சொல்வது? அண்ணன் சொன்னார்: "குடிகிட்ட தோத்துட்டேன்னுதான் சொல்றேன். சாதிகிட்ட இல்ல." கடவுள் என்ற சொல்லும் இடித்தது. அங்கிருந்த ஒரு பெரியவர், "கடவுள் வேண்டாம்னா இந்தக் கூட்டத்தையே வெச்சுக்கங்க" என்றார். அண்ணன் அப்படியே வைத்துக்கொண்டார்.

நான்காம் மாதம் மறுபடி குடித்தார். திரும்பிப் போனபோது யாரும் திட்டவில்லை, டீ கொடுத்தார்கள். அண்ணி இப்போது குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டத்துக்குப் போகிறார். அண்ணன் குடிக்காமல் பதினொரு மாதம் ஆகிறது. கேட்டால், "இன்னிக்கு ஒரு நாள்" என்று மட்டும் சொல்வார்.

அந்த அறை அரசியல் பேசாது. வெளிப் பிரச்சினைகளில் கருத்துச் சொல்வதில்லை என்பது அவர்கள் மரபு. டாஸ்மாக்கை எதிர்க்கவும் சாதியை எதிர்க்கவும் நமக்கு இயக்கம் வேண்டும். ஆனால் இரவு எட்டு மணியை அண்ணனுக்குக் கடத்தித் தர இயக்கத்தால் முடியவில்லை. அந்த வகுப்பறையால் முடிந்தது.

1956இல் நாக்பூரில் பாபாசாகேப் கொடுத்த 22 உறுதிமொழிகளில் ஒன்று, மது அருந்த மாட்டேன் என்பது. அதைத் தவறியவரை ஒதுக்கும் கோலாக நாம் பயன்படுத்த வேண்டாம். போராட்டம் முடிந்தால் குவாட்டர் வாங்கும் வழக்கத்தை எங்கள் குழுவில் நிறுத்திவிட்டோம். யாருக்காகவும் பொய் சொல்வதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

உங்கள் குழுவிலும் ஓர் அண்ணன் இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம். 14446 என்ற இலவச உதவி எண்ணில் கேளுங்கள், மருத்துவரைப் பாருங்கள், பக்கத்தில் கூட்டம் எங்கே என்று விசாரியுங்கள். முதல் நாள் தனியாக அனுப்பாதீர்கள். கூடவே போய் உட்காருங்கள்.

ஜெய்பீம்!