கனத்த காற்று

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாகத் தஞ்சாவூருக்குப் போகும் சாலையில் ஐப்பசி, கார்த்திகையில் பயணம் செய்தால், கரிசல் காட்டில் மக்காச்சோளம் ஆளை மறைக்கும் உயரத்துக்கு நிற்பதைப் பார்க்கலாம். முன்பெல்லாம் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு, கையைக் கிழிக்கும் சோகைக்குள் புகுந்துதான் மருந்தடிப்பார்கள். இப்போது சில காடுகளில் வரப்போரம் ஒரு குட்டியானை வண்டி வந்து நிற்கிறது. அதிலிருந்து ட்ரோனை இறக்கி, மடித்த கைகளை விரித்துப் பூட்டி, பத்து லிட்டர் மருந்தை ஊற்றிப் பறக்கவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போது குளிர்தேசத்தில் ரிமோட் ஹெலிகாப்டர் விடுகிறவர்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச இந்தச் சாலையா கிடைத்தது என்று கேட்கலாம். இங்கே தை மாத விடியற்காலையிலும் பாதரசம் இருபது டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஆனாலும் பனியில் பறக்கவிடுகிறவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அதிகம் உதவுவது இந்த ஊர்களுக்குத்தான் என்பது என் கட்சி. பறக்க வைக்கும் சின்ன விசிறிக்குக் குளிர் எதிரி அல்ல, வெக்கைதான் எதிரி.

கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் பூஜ்யத்துக்குக் கீழே போன நாளிலும் மாடல் ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பும் ஆர்வலர்கள் உண்டு. அவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. லித்தியம் பேட்டரி குளிர்ந்தால் அதன் உள்தடை ஏறும், கொஞ்சம் வேகம் கொடுத்தாலே வோல்டேஜ் சரியும். அதனால் பறக்கும் நேரம் வரும்வரை பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்குகிறார்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியே கெட்டுப்போகும். பிளாஸ்டிக் பாகங்கள் மொறுமொறுத்து, லேசாக இடித்தாலும் உடையும். ரிமோட்டின் குச்சியைத் தள்ளும் கட்டைவிரல் மரத்துப்போகும். வீட்டுக்குள் கொண்டுவந்ததும் சர்க்யூட் பலகையில் நீர் முத்துக்கட்டும். இவ்வளவிலும் கஷ்டப்படுவது பேட்டரி, பிளாஸ்டிக், விரல். விசிறியில் பனிக்கட்டி படியாதவரை அதற்கு ஒரு குறையும் இல்லை. கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று 40 டிகிரியில் சுமார் 1.13 கிலோ எடை. 20 டிகிரியில் 1.20, மைனஸ் பத்தில் 1.34. ஒரே வேகத்தில் சுற்றும் விசிறியின் தூக்கும் பலம் இந்த எடைக்கு நேர்விகிதத்தில் மாறும். சித்திரை உச்சிவெயிலை விட உறைபனிக் காலையில் அதற்கு ஆறில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் பலம் கிடைக்கிறது.

இந்த இரண்டு கணக்கும், அதாவது விசிறிக்குக் காற்றின் அடர்த்தி, பேட்டரிக்குச் சூடு, தனித்தனி என்பதற்குப் பெரிய சாட்சி செவ்வாயில் இருக்கிறது. நாசாவின் ‘இன்ஜெனுவிட்டி’ ஹெலிகாப்டருக்குத் தலைமைப் பொறியாளர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பாப் பலராம். எடை 1.8 கிலோ, விசிறியின் விட்டம் 1.2 மீட்டர். முதலில் பறந்தது 2021 ஏப்ரல் 19இல். ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பியது, 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது. இரவில் மைனஸ் தொண்ணூறு டிகிரி வரை போகும் அந்தக் குளிரில், சேமித்த மின்சாரத்தில் பெரும்பகுதி பேட்டரியையும் மின்னணுப் பாகங்களையும் சூடாக வைக்கவே செலவானது. பறப்பதற்கோ குளிர் தடையாக இல்லை. பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கு அளவே இருக்கும் மெலிந்த காற்றுதான் தடை. 2021இன் பிற்பகுதியில் பருவம் மாறிக் காற்று இன்னும் மெலிந்தபோது, நிமிடத்துக்கு 2,537 சுற்றாக இருந்த வேகத்தை 2,700 ஆக உயர்த்த வேண்டியிருந்தது.

செவ்வாய் தூரம் என்றால் கரைவெட்டிக்கு வரலாம். அரியலூர் மாவட்டத்தில், தஞ்சாவூர்ச் சாலையை விட்டு உள்ளே போனால் வரும் பெரிய ஏரி அது; பறவைகள் சரணாலயமும்கூட. 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் இங்கே வரித்தலை வாத்துகள் வரும். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள். காலையில் கரையோர வயலில் மேய்ந்துகொண்டிருக்கையில் அந்தப் பட்டைகள் தெளிவாகத் தெரியும். இந்த இனத்தின் உடலில் செயற்கைக்கோள் கருவியைக் கட்டி ஆராய்ந்தவர்கள் 2011இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பகலில் மலைச்சரிவில் மேல்நோக்கி வீசும் காற்று சும்மா தூக்கிவிடும் என்றாலும், இமயத்தை ஏற இவை பெரும்பாலும் இரவையும் விடியற்காலையையுமே தேர்ந்தெடுக்கின்றன. அப்போது காற்று குளிர்ந்து கனத்திருக்கும், அமைதியாகவும் இருக்கும். இறக்கை அடித்துப் பறக்கும் உயிருக்கு இலவச ஏற்றத்தை விடக் கனத்த காற்று லாபமாக இருக்கிறது. இதைச் சரிபார்க்கிறேன் என்று யாரும் சரணாலயத்தின் மேல் ட்ரோனைக் கொண்டுபோக வேண்டாம். பறவை மிரளும், சட்டமும் விடாது.

குளிர் நல்லது என்றால் சியாச்சினில் ராணுவத்தின் சீட்டா ஹெலிகாப்டர் ஏன் அவ்வளவு குறைந்த சுமையோடு திணறுகிறது என்று ஒருவர் கேட்கலாம். அங்கே திணற வைப்பது உயரம். ஆறாயிரம் மீட்டரில் காற்று பாதிதான் இருக்கிறது. அதே உயரத்தில் வெக்கையும் சேர்ந்தால் தூக்கும் சுமை இன்னும் குறையும். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையே அடர்த்தியில் ஆறு சதவீதம்தானே வித்தியாசம், புரட்டாசியில் காலைக்கும் மதியத்துக்கும் பார்த்தால் அதிலும் பாதிதானே? உண்மைதான். அந்தரத்தில் நிற்க ஆகும் மின்சாரம் ஆறு சதவீதத்துக்கு மூன்று சதவீதம் போலத்தான் கூடும். 25 கிலோ எடையுள்ள ட்ரோனுக்கு ஒன்றரை கிலோ பலம் குறைவது கையிருப்பில் கை வைக்குமே தவிர, அதைக் கீழே தள்ளிவிடாது. ஆனால் நஷ்டம் அங்கே முடிவதில்லை. பத்து லிட்டர் சில நிமிடங்களில் காலியாகும். இறங்கிய பேட்டரி கொதித்துக்கொண்டிருக்கும். அது ஆறாமல் சார்ஜ் போட்டால் உப்பத் தொடங்கும், ஆயுள் குறையும். வேப்பமர நிழலிலேயே 38 டிகிரி என்றால் அது எப்போது ஆறுவது? கனடாக்காரர் சட்டைக்குள் சூடேற்றுவதும் பெரம்பலூர் மாவட்டக் குன்னத்தில் ஈரச்சாக்கின் பக்கத்தில் ஆறவைப்பதும் ஒரே வேலையின் இரு முனைகள். இதோடு, மதியத்தில் கரிசல் மண்ணிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்று நுண்துளிகளை மேலே தூக்கிப் பக்கத்துக் காட்டுக்கு அனுப்பிவிடும். மிச்சத்தில் ஒரு பகுதி இலையைத் தொடுமுன்பே உலர்ந்துபோகும்.

படைப்புழுவும் இதே பக்கம்தான் சாட்சி சொல்கிறது. 2018இல் தமிழ்நாட்டுக்குள் வந்து மக்காச்சோளத்தைச் சூறையாடிய அந்தப் புழு, பகல் வெயிலில் குருத்துக்குள் ஒளிந்துகொண்டு வெயில் தாழ்ந்தபின் மேயும். மருந்து காலையிலோ மாலையிலோ குருத்துக்குள் இறங்க வேண்டும். அதற்காக இருட்டோடு போய் அடிக்கச் சொல்லவில்லை. இலை நிறையப் பனி இருந்தால் மருந்து வழிந்துவிடும். காற்றே அசையாத விடியலில் தரையோரக் குளிர்காற்றின் மேல் சூடான காற்று மூடிக் கிடப்பதால் நுண்துளிகள் கீழிறங்காமல் மிதந்து எங்கோ போகும். வெயில் ஏறி இலை உலரத் தொடங்கும் ஏழு மணி வாக்கில் ஆரம்பித்துப் பத்துக்குள் முடிப்பதுதான் சரி. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களை அளக்கும் கேமரா ட்ரோனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சுரங்க விதிகளில் 2021இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பெரிய சுரங்கக் குத்தகைதாரர்கள் ஆண்டுதோறும் ட்ரோன் படம் தர வேண்டும். ஆழக் குழிக்குள் நிழல் குறுகியிருக்க உச்சிவெயில் வேண்டும், சுமையும் குறைவு. மருந்தடிப்பவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதால் நாள் முழுக்க ஓட்டினால்தான் அவருக்குக் கட்டுபடியாகும். அதனால் வாடகைக்கு விட ட்ரோன் வாங்கும் உழவர் குழுக்கள் இரண்டாவது ட்ரோனுக்குக் காசு சேர்ப்பதற்கு முன்னால், இருக்கும் ட்ரோனுக்கு இன்னும் இரண்டு செட் பேட்டரி வாங்கி, காலை மூன்று மணி நேரத்துக்கு மட்டும் கூடுதல் கூலி வைத்துப் பார்க்கலாம்.